தரையில் குத்திய ஸ்டாண்டு

ஆம்புலன்ஸ் ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லும். எந்த வளைவிலும் நோயாளி அலுங்காமல் வண்டியைத் திருப்புவாள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

நெடும்பயணத்துக்கென்று கனத்த மோட்டார் சைக்கிள் வாங்கியதும், அது வளைவில் எதுவரை சாயும் என்று பார்த்துவிட ஆசை வந்தது. லீவு நாட்களில் மலைச்சாலைக்குத் தனியாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். ஒருநாள் கால் வைக்கும் கம்பி தரையில் 'கிரீச்'சென்று உரசி மடங்கியது. எல்லை அதுதான் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த முறை பின்னால் புருஷன் இருந்தார். பக்கப் பெட்டிகள் நிறையச் சாமான். கனத்தில் வண்டி அமுங்கியிருப்பது தெரிந்தும், அந்த வளைவில் அதே அளவு சாய்த்து அவருக்குக் காட்டிவிடத் துடித்தாள்.

"மெதுவாப் போம்மா."

"பிடிச்சுக்கோங்க. இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு."

கம்பி உரசியதோடு நிற்கவில்லை. அடியிலிருந்த இரும்பு ஸ்டாண்டு தரையில் குத்தி, பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரத்தில் விழுந்தது. அவளுக்குச் சிராய்ப்பு மட்டும்தான்.

வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவன் அவளோடு வேலை பார்ப்பவன். இறங்கியதும் திகைத்துப்போனான். "அக்கா, நீங்களா?"

"நாய் குறுக்க வந்துடுச்சு தம்பி," என்றார் புருஷன், வலது கையை நெஞ்சோடு அணைத்தபடி. அவள் தலையைக் குனிந்தபடி அவரைத் தாங்கி வண்டியில் ஏற்றினாள்.

புருஷன் தையற்காரர். உடைந்தது கத்தரி பிடிக்கிற கை. அவள் லீவு போட்டுக் கடையில் கூடமாட நின்றாள். துணி வாங்க வந்தவர்களெல்லாம், "நீங்க ஓட்டினதாலதான் உயிர் தப்பிச்சாரு," என்று மெச்சினார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒருநாள், தன் மகளின் கவுனுக்காக வந்த ஓர் அம்மாள் நாயைத் திட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டு நின்றவளால் பொறுக்க முடியவில்லை.

"நாயே இல்லைங்க. வண்டி எவ்வளவு சாயும்னு பார்க்கப்போய், நான்தான் விழ வச்சேன்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறமா வரேன்," என்று கவுனை வாங்காமலே போய்விட்டாள்.

"உன் பேரு கெடக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். நீயே கெடுத்துக்கிட்ட," என்றார் புருஷன்.

"தாங்க முடியலைங்க."

"அன்னைக்கு மெதுவாப் போன்னு சொன்னேனே! கேட்டியா?"

இத்தனை நாளில் அவர் கோபப்பட்டது அப்போதுதான். கண்கூடக் கலங்கிவிட்டது. "இனிமே உன் பின்னாடி உட்கார மாட்டேன்."

"சரிங்க," என்றாள். அவர் இடது கையால் காட்டிய கோட்டில், தலை நிமிராமல் துணியை வெட்டத் தொடங்கினாள். கத்தரி நேராகவே போகவில்லை.