பவளத்திடம் கேட்ட மன்னிப்பு

ராசிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கலந்து நானே தயாரித்த கடல். அதில் கார்கோனியன் என்ற பவள உயிர் ஒன்றை வளர்க்கிறேன். செடி மாதிரிக் கிளை விட்டிருக்கும். தீனி அதிகம் தேவையில்லை. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி, விளக்கு வெளிச்சத்திலேயே சமைத்துப் போட்டுவிடும்.

போன வருடம் வெண்ணந்தூரிலிருந்து என் கணவரின் அக்கா வந்தபோது பவளம் தோல் உரிக்கும் சமயம். அந்த நாட்களில் பூப்போல விரியும் வாய்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோல் நிற்கும்.

"ஏம்புள்ள, காஞ்ச முருங்கக் குச்சிக்கு லைட்டு வேற போட்டு வெச்சிருக்கற?" என்றார் அண்ணி.

எனக்குச் சுருக்கென்றது. "உசுருள்ளதுங்க அண்ணி. நீங்க குச்சின்னதும் கோவிச்சுக்கிச்சு. மரியாதையாக் கூப்பிட்டாத்தான் விரியும்" என்று கூசாமல் சொன்னேன். மெழுகுத் தோல் ஓரத்தில் கிழியத் தொடங்கியிருந்ததை முன்பே பார்த்துவிட்டேன். எப்படியும் ஓரிரு நாளில் விரிந்துவிடும்.

மறுநாள் காலை அண்ணி தொட்டி முன்னால் குனிந்து நின்றிருந்தார். "ஏனுங்க சாமி, தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் தொட்டிக்குப் பின்னால் கைவிட்டு, தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டி வைத்தேன். தோல் பாலாடை போலக் கழன்று மிதந்தது. மதியத்துக்குள் கிளை முழுக்கப் பழுப்புப் பூக்கள். அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் சிரிப்பை அடக்க மாடிக்கு ஓடினார்.

அடுத்த மாதம் வினை வேன் ஏறி வந்தது. சொந்தக்காரர் பதினொரு பேரை அண்ணி அழைத்து வந்துவிட்டார். அன்று பார்த்து, கண்ணாடியைத் தேய்க்கும்போது என் கை பட்டுப் பவளம் மொத்தமாக மூடிக்கிடந்தது. அண்ணி கூட்டத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ என்னமோ மரியாதையில்லாமப் பேசியிருக்கற. மன்னிப்புக் கேளு."

"இல்லீங்க அண்ணி, கை பட்டு..."

"கேளு புள்ள."

உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க" என்றேன். ஒருவர் செல்போனில் படம் வேறு பிடித்தார். என் கணவர் இந்த முறை எங்கும் ஓடவில்லை. முதல் வரிசையில் நின்று ரசித்தார்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அண்ணி என் காதருகே வந்தார். "அன்னைக்கு நீ மோட்டாரத் திருகுனது கண்ணாடில நல்லாத் தெரிஞ்சுது புள்ள. ஒரு மாசமா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

வேன் தெருமுனை திரும்பும் வரை உள்ளிருந்து அவர் சிரிப்புத்தான் கேட்டது. கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.