வண்டிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. திண்டுக்கல்லில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. தெருக்குழாயில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணீர். அது உலைக்கும் வாய்க்கும் மட்டும். அதில் யாராவது கை கழுவிவிட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். இந்த ஒழுக்கம் ஒரு காரைக் கெடுக்கக் கூடும் என்பது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள்வரை எனக்குத் தெரியாது.

அப்போது சேவுகம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு என்னை மாற்றியிருந்தார்கள். பேருந்து மாறிப் போனால் காலை வணக்க மணிக்குப் பிறகுதான் போய்ச் சேர முடிந்தது. அதனால் நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றேன். பழைய கார் ஒன்றையும் வாங்கினோம். அந்தத் தனிப் பயணம் எனக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்பதை வீட்டில் நான் சொன்னதில்லை.

முன் கண்ணாடியைக் கழுவ வேண்டிய தண்ணீர் அந்தக் காரில் கண்ணாடிக்குப் போகவேயில்லை. இஞ்சினுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர்க் குழாய், பானெட்டின் மேலுள்ள இரண்டு சிறு மூக்குகளுக்குப் போகும். விசையை இழுத்தால் அவை நீரைப் பீச்ச வேண்டும். எங்கள் காரில் மோட்டார் முனகும். வண்டிக்கு அடியில் ஈரம் பரவும். ஒரு காலையில், முன்னே போன பூ வேன் கிளப்பிய புழுதி பனியில் குழைந்து கண்ணாடியில் சேறாகிவிட்டது. வைப்பர் அதை இன்னும் பரப்பிப் பூசியது. எதிரே சைக்கிளில் வந்தவரை, அவர் என்னைக் கடந்த பிறகே பார்த்தேன்.

கணவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "சரி பண்ண முடிஞ்சா பண்ணு. இல்லேன்னா திங்கக்கிழமையிலிருந்து பஸ்ஸுல போ. லேட்டானா லேட்டாகட்டும்" என்றார்.

மெக்கானிக் பாய் ஏற்கெனவே டப்பாவை மாற்றியிருந்தார். பிறகு குழாயையும் மாற்றினார். சனிக்கிழமை மூன்றாம் முறையாக அவருடைய பட்டறை வாசலில் போய் நின்றேன்.

"வாங்க டீச்சர். மறுபடியும் மூக்கு ஒழுகுதாக்கும்?"

"மூக்கு ஒழுகுனாத்தான் பரவாயில்லையே பாய். காலடியிலல்லவா ஒழுகுது."

"டப்பா புதுசு, டியூப் புதுசு. இனி மாத்துறதுக்கு நீங்களும் நானுந்தான் பாக்கி" என்றபடி டப்பாவை நிரப்பினார்.

"செத்த நேரம் நீங்க உள்ள உக்காந்து இழுங்க. நான் பாக்குறேன்" என்றேன்.

அவர் இழுத்தார். நான் குனிந்து பார்த்தேன். நீர் குழாயில் விறுவிறுவென்று ஏறி, மூக்கின் அடியில் முட்டி நின்றது. இணைப்பு மெல்லப் புடைத்தது. அதன் விளிம்பில் ஒரு துளி கசிந்து, கனத்து, விழுந்தது. குழாயில் ஓட்டை இல்லை. நீர் மேலே போகத்தான் வழி இல்லை. மூக்கின் நுனியைத் தடவினேன். நறநறவென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அதை என் நகத்துக்குத் தெரியும். எங்கள் வெந்நீர்ப் பானையில் வாராவாரம் சுரண்டுவது அதைத்தான்.

"பாய், இதுல என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"டிரம்முத் தண்ணிதான். பின்ன, வண்டிக்குக் குடிதண்ணியவா ஊத்துவாக?"

சொல்லி முடித்ததும் அவரே டிரம்மைத் திரும்பிப் பார்த்தார். அதன் உள்விளிம்பில் விரற்கடை அளவுக்கு வெள்ளை படிந்திருந்தது. வீட்டில் நான் ஊற்றியதும் அதே உப்புத் தண்ணீர்தான்.

"வெந்நிப் பானைக்கு எலுமிச்சம்பழம்தான் தேய்ப்போம்" என்றேன். பாய் பக்கத்து டீக்கடையில் ஒன்று வாங்கிவந்து கண்ணாடி டம்ளரில் பிழிந்து, இரண்டு மூக்குகளையும் கழற்றிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவற்றிலிருந்து பொடிக் குமிழ்கள் எழுந்தன. இருவரும் டம்ளர்மேல் குனிந்தோம். எத்தனை அடி ஆழத்துப் பாறையோ, நீரில் கரைந்து மேலேறி, எங்கள் பானைகளைக் கடந்து, என் காரின் மூக்கில் மறுபடியும் பாறையாகியிருந்தது. இப்போது ஒரு டம்ளர் சாற்றில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேதியியல் புத்தகத்தில் இதை நான் படித்திருக்கிறேன். படித்தது வேறு.

ஊசியால் துளையைக் குத்திவிட்டு, ஒரு மூக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குண்டூசி முனை அளவில் வானம் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, குடத்திலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மொண்டு, துணியில் வடிகட்டி, காலியாக்கிய டப்பாவில் ஊற்றினேன்.

"குடிக்கிற தண்ணியையா?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

சொம்பைக் குடத்தின்மேல் கவிழ்த்துவிட்டுச் சாவியை எடுத்தேன்.

செம்பட்டியைத் தாண்டியதும் மீண்டும் ஒரு வேன், மீண்டும் அதே புழுதி. விசையை இழுத்தேன். இரண்டு நீர்க்கம்பிகள் எழுந்து, வளைந்து, என் கண்ணுக்கு நேரே விழுந்தன. வைப்பர் ஒருமுறை போய்வந்தது. கொடைக்கானல் மலை மடிப்பு மடிப்பாக, அதன் வெள்ளைப் பாறைகளோடு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மணியடிக்க இன்னும் நேரமிருந்தது.

நல்ல தண்ணீர் என்று தெரிந்தும், கண்ணாடி சுத்தமாகிவிட்டது என்று தெரிந்தும், இன்னொரு முறை இழுத்தேன்.