கனத்துப்போன ட்ரிகர்

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். நான் நடுக்கூடத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருப்பேன், கையில் ரைஃபிளோடு. எதிர்ச் சுவரில், காலண்டருக்குக் கீழே, நானே பேனாவால் வைத்த கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கான போலித் தோட்டாவை உள்ளே போட்டு, பின்பக்கத் தாழ்ப்பாளான போல்ட்டை மூடி, மூச்சை அடக்கி, புள்ளியைப் பார்த்து ட்ரிகரை அழுத்துவேன். டிக். மறுபடி போல்ட், மறுபடி டிக். என் கணவர் கையில் காபியும் பேப்பருமாக என்னைச் சுற்றிக்கொண்டு போவார்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டதோடு விட்டுப்போன பழக்கம் இது. மகள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆனது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். லைசென்ஸுக்கு நடையாய் நடந்து வாங்கி, பழைய ரைஃபிள் ஒன்றையும் வாங்கினேன். மற்ற பெண்கள் யோகா போனார்கள், நான் இதற்குப் போனேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் கோவில்பட்டி பஜாரில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருப்பவரின் மனைவி துப்பாக்கி வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, எடை குறைஞ்சா வீட்டுல சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க" என்பார் ஒருவர். "நேத்து அக்கா கூடச் சண்டை போட்டீங்களோ? நல்லவேளை, முழுசா வந்துட்டீங்க" என்பார் இன்னொருவர். இவர் சிரித்துக்கொண்டே மிட்டாயை நிறுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் முகம் மாறிவிடும். அந்த ரைஃபிளுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'அது'. "அதை எடுத்து உள்ள வையி. ஆளு வாராங்க." இப்படித்தான்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பேச்சு முற்றியது. என் வாய் எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் ஓடும். "இந்த வருசம் மாநிலப் போட்டியில தகுதி மார்க் வாங்கலைன்னா வித்துருதேன், போதுமா?" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்றார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒற்றுமையாக இருக்கிற விஷயம் அது ஒன்றுதான்.

புரட்டாசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பசுவந்தனைக்குப் போனேன். விதைப்பு நேரம். தம்பியும் அவன் மனைவியும் கரிசலில் உளுந்து போட ஓடிக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்குக் கஞ்சி வைத்துத்தர ஆள் இல்லை. ஒரு வாரம் தங்க வேண்டியதாயிற்று. ஆயுத பூஜையும் அந்த வாரத்தில்தான் வந்தது. கடைப் பூஜையை இவர் தனியாகவே முடித்துவிட்டதாக போனில் சொன்னார்.

திரும்பி வந்த மறுநாள் பாயில் படுத்தேன். ட்ரிகர் சரியில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் ரைஃபிளின் ட்ரிகர் கொஞ்ச தூரம் லேசாகப் பின்னால் வரும். பிறகு ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் விரலை வைத்துக் காத்திருந்து, குறி சரியானதும் நினைத்தால் போதும், சுட்டுவிடும். இப்போது அந்த நிற்கிற இடமே இல்லை. மண் கலந்த அரிசியை மெல்வது போல நறநறவென்று வந்து, எங்கேயோ ஒரு இடத்தில், நான் எதிர்பாராதபோது டிக்கென்று விழுந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். போல்ட்டை உருவி, ரைஃபிளின் மரக்கட்டையைக் கழற்றி, ட்ரிகரை அழுத்த வேண்டிய எடையைக் கூட்டிக் குறைக்கிற திருகை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். குறைத்தால் அதிகமாகச் சிக்கியது. கூட்டினால் கல்லாகக் கனத்தது. வேறு ட்ரிகர் வாங்கி மாட்ட நாள் இல்லை. அப்படியே போட்டிக்குப் போனேன்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு தடவையும், எப்போது விழுமோ என்ற பயத்தில் விரல் இறுகியது. விரல் இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் குண்டு ஓரத்துக்குப் போகும். தகுதி மார்க் வரவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் சாத்தூர் தாண்டும்வரை அழுதேன். பக்கத்துச் சீட்டு அம்மாள், சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் நானாகவே, "மதுரைக்குப் போய் விலை கேட்டுட்டு வாரேன்" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்'மில் சந்தோஷம் இல்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

மதுரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை. கடைக்காரர் ரைஃபிளைக் காலியா என்று பார்த்துவிட்டு ட்ரிகரை இழுத்தார். முகத்தைச் சுளித்தார். "இதைத் தொறந்து பாக்காம விலை சொல்ல முடியாதும்மா" என்று சொல்லி, ட்ரிகர் பெட்டியைக் கழற்றி விளக்குக்குக் கீழே வைத்தார். பல் இடுக்கெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது, நடுநடுவே சிவப்பு. துரு என்றுதான் நினைத்தேன். அவர் ஊசியால் கிளறி முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது? சந்தன வாசம் அடிக்குது!"

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. வீட்டில் ரைஃபிள் வைக்கிற பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம்.

கடைக்காரர் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, மாட்டிக் கொடுத்தார். இழுத்துப் பார்த்தேன். அந்த நிற்கிற இடம் திரும்ப வந்திருந்தது. கிளறி எடுத்த தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

கோவில்பட்டியில் இறங்கி, ரைஃபிளை வீட்டில் பூட்டிவிட்டு, நேராகக் கடைக்குப் போனேன். பஸ்ஸில் வரும்போது திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். பொட்டலத்தைத் தராசுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தேன். அவர் பார்த்தார்.

"உள்ள போயிருச்சா?" என்றார்.

"எதுக்கு அதைத் தொட்டீங்க?"

"கடையில எல்லாத்துக்கும் வச்சேன். தராசு, பாகு காய்ச்சுத சட்டி, வண்டி, பூட்டு. வீட்டுக்கு வந்தா அது மட்டும் தனியா உள்ள கெடக்கு. வைக்காம விட மனசு வரலை."

"வச்சது சரி. கட்டையில வைக்க வேண்டியதுதான? ட்ரிகர்லயா வைப்பாங்க?"

"ஏட்டி, வேலை செய்யுத இடத்துலதான பொட்டு வைக்கணும்?" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. உண்மைதான். அவர் கடையில் தராசுக்கு முள்ளில்தான் பொட்டு, கத்திக்கு விளிம்பில், பூட்டுக்குச் சாவித் துவாரத்தில். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். "பெறகு நீ பாத்தா கேலி பண்ணுவியேன்னு ஈரத்துணிய வச்சுத் தொடச்சுட்டேன்" என்றார். துடைத்ததில்தான் எல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது.

"உங்களாலதான் தோத்தேன்" என்றேன்.

அவர் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். "நீ ஜெயிக்கணும்னுதான் வச்சேன்" என்றார். பிறகு, "அந்தப் பேச்சு செல்லாது. விக்க வேண்டாம்" என்றார். சொன்ன சொல் மாறாத மனிதர். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்குப் பதிலாக, ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டில்தான் இருந்தேன். கடைப் பூஜை முடித்து, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "ரைஃபிள எடுத்துட்டு வா" என்றார். அவர் 'ரைஃபிள்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்து வந்து, கட்டையைக் காட்டி, "இங்கன வைங்க" என்றேன்.

கட்டையைப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "இங்கன என்ன வேலை நடக்கு?" என்றார். நான் பயந்து ட்ரிகரைக் கையால் மூடிக்கொண்டேன்.

அவர் என் கையைப் பிடித்து விலக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்தி, நுனியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். துடைக்கவில்லை.