வடக்கே போக ஒரு சக்கரம்

கேரள எல்லையோரம் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கும் இளவட்டங்கள் பலரிடமும் இரண்டு செட் சக்கரம் இருக்கும். தெற்கே களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் போக அகலமான அலாய் சக்கரம். வடக்கே திருவனந்தபுரம் போவதென்றால் கம்பெனி கொடுத்த பழைய இரும்புச் சக்கரம். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டால் வடக்கே ஓரம் கட்டச் சொல்லிவிடுவார்கள். தெற்கேயும் சட்டம் சட்டம்தான். ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் எங்களுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடும். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் இளவட்டம் இல்லை. தலை பாதி நரைத்தவன். உதியன்குளங்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பைப்பு, பெயிண்ட், ஆணி, நட்டு, போல்ட்டு. நட்டு விற்கிறவனுக்கு நட்டைப் பற்றித் தெரியாதா என்று நீங்கள் கேட்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாங்கியது பழைய கார். ஓட நல்ல வண்டி, பார்க்கத்தான் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. ஆசைப்பட்டு அலாய் வாங்கி மாட்டினால், முன்சக்கரம் இரண்டும் உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசின. களியக்காவிளையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதற்கு வழி சொன்னார்கள். சக்கரத்துக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு அலுமினியத் தட்டு வைப்பார்கள். அந்தக் கனத்துக்குச் சக்கரம் வெளியே வந்துவிடும். ஆனால் தட்டு வைத்த பிறகு நட்டு பிடிக்க மரை போதாது. அதனால் ஹப்பில் துருத்தி நிற்கும் ஸ்டட்டு என்ற மரைக்கம்பிகளை எடுத்துவிட்டு நீளமான ஸ்டட்டுகளை ஏற்ற வேண்டும். மெக்கானிக் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் புது நட்டுகளும் கொடுத்தார்.

“பழைய நட்டைத் தூரப் போட்டிருங்க. ஒரு பக்கம் மூடி உள்ளது இனி இதுக்கு ஆவாது” என்றார்.

“செரி” என்றேன். இரும்பைத் தூரப் போடுகிற ஆளா நான்? வீட்டில் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

என் மாமியாருக்குக் கண்ணில் புரை. குளத்தூர் கடற்கரையில் இருந்து மீன் சுமந்து விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். எதற்கும் பயப்படாதவர், ஆபரேஷன் என்றால் மட்டும் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். என் மனைவி மன்றாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். அன்றைக்குப் பார்த்துக் கடைக்குப் பைப்பு லோடு வருகிறது. துணைக்கு மனைவி போகட்டும் என்று, வண்டியை ஓட்ட ஊரில் எல்லாரும் கூப்பிடும் டிரைவரைக் கூப்பிட்டேன்.

அவருக்குச் சொந்த வண்டி கிடையாது. பிறர் வண்டியை ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். பிரசவத்துக்குப் போகும் பெண்கள் எல்லாம் அவர்தான் வரவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அவரைக் கண்டால் குண்டும் குழியும் ஒதுங்கி நிற்கும் என்று கேலி வேறு.

“அம்மய இந்த அகலச் சக்கரத்துல அனுப்பாண்டாம். வழியில பிடிச்சு நிறுத்தினா இன்னொரு நாளுக்கு அம்ம சம்மதிக்க மாட்டா, கேட்டியளா?” என்று மனைவி சொன்னாள். நியாயம்தான். காலையில் ஜாக்கி வைத்து அலாயைக் கழற்றினேன், ஸ்பேசரை எடுத்தேன், பழைய சக்கரத்தை மாட்டினேன். பழைய சக்கரத்துக்குப் பழைய நட்டு. பெயிண்ட் டப்பா நட்டை எடுத்தேன். முறுக்கினேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். இனி அசையாது என்று நின்றது.

நின்றது உண்மை. எதில் முட்டி நின்றது என்று நான் பார்க்கவில்லை. ஸ்டட்டு நீளமாகிவிட்டது, நடுவில் தட்டும் இல்லை. மூடி உள்ள நட்டு உள்ளே போய் ஸ்டட்டின் நுனியில் முட்டி நின்றுவிட்டது. சக்கரத்தை அது தொட்டும் தொடாமலும் இருந்தது. என் கைக்கு அது நல்ல இறுக்கமாகத்தான் தெரிந்தது. அட மடையா!

பைப்பு இறக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. லோடுமேன்கள் ஒரு பக்கம் கத்துகிறார்கள், லாரிக்காரன் ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறான்.

“தம்பி, அமரவிளையில ஓரம் கட்டியிருக்கேன்” என்றார் டிரைவர். “வண்டிக்க முன்பக்கம் ஒரு ஆட்டம் உண்டு. ஜாக்கி வச்சு ஒண்ணு நோக்கட்டா?”

“ரோடு அப்பிடியாக்கும் அண்ணே. சக்கரம் எனக்க கையால முறுக்கினது. ஆஸ்பத்திரியில நேரம் குடுத்திருக்காவ, நீங்க ஓட்டுங்க.”

“இல்ல தம்பி, ஸ்டியரிங்குல நல்லாத் தெரியுது. ஒண்ணு நோக்கிட்டுப் போறேனே.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்துவிட்டது. “அண்ணே! வண்டி உங்களுக்கதா, எனக்கதா?”

 “செரி” என்று வைத்துவிட்டார்.

நெய்யாற்றின்கரை வருவதற்கு முன் இடது முன்சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. வண்டி ஹப்பில் இழுபட்டு ஒரு மதிலில் போய் உரசி நின்றது. மனைவிக்கு ஒன்றுமில்லை. மாமியாருக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது டிரைவர் மதிலோரம் நின்றுகொண்டிருந்தார். கூடி நின்றவர்களில் ஒருவன், “எந்தா சேட்டா, உறங்கிப்போயோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.  அவர் என்னைப் பார்க்கவில்லை.

வலது சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. ஸ்பேனர் போட்டால் நட்டு மட்டும் கல்லு மாதிரி இறுகி நிற்கிறது. கழற்றி உள்ளே பார்த்தேன். மூடியின் அடியில் ஸ்டட்டு முட்டிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. 

அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், போன் விஷயம் உட்பட. “அம்மகிட்டயும் சொல்லுங்க” என்றாள்.

மாமியார் கட்டுப் போட்ட கையோடு வருகிறவர்களிடமெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். “நல்லா ஓட்டிட்டுத்தான் வந்தான். இடையில இறங்கி யாருகிட்டயோ போன் பேசினான். பொறவு அவனுக்க புத்தி வண்டியில இல்ல.”

“மாமி, அவரு மேல தப்பில்ல. நட்டு நான் மாத்திப் போட்டது” என்றேன்.

மாமியார் வந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியளா? எனக்க மருமவனுக்க மனசு. பாவப்பட்டவனுக்க பொழப்பு போயிரப்பிடாதுண்ணு பழிய தனக்க தலையில எடுத்துப் போடுதான்.”

அடக் கொடுமையே! நான் சொல்லச் சொல்ல என் பெயர்தான் ஏறியது. கடைக்கு வருகிறவர்கள்கூட, “உங்களுக்கு நல்ல மனசு, ஆனா அந்த ஆள இனி நம்பாண்டாம்” என்றார்கள். இல்லை, நான்தான் என்றால் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். டிரைவர் யாருடைய வண்டியிலும் கண்ணில் படவில்லை. அவரை யாரும் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் பேசியதை மட்டும் மாமியாரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதுதான் அவர் மேல் விழுந்த பழியின் வேர் என்று தெரிந்தும் எழவில்லை.

மதிலில் உரசிய இடமெல்லாம் சரிசெய்து வண்டி வீட்டுக்கு வந்ததும், மாமியாரை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வலது முன்பக்கம் ஜாக்கி ஏற்றினேன். அதே பழைய சக்கரம், அதே மூடி நட்டு. அவர் கண் முன்னால் முறுக்கினேன். ஏறி மிதித்தேன்.

“இப்பம் ஆட்டிப் பாருங்க மாமி.”

நல்ல கையால் பிடித்து ஆட்டினார். சக்கரம் கடகடவென்றது. புரை விழுந்த கண்ணால் சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மீன் தராசைப் பிடித்த கைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்பம் இது நீ செஞ்சதா?”

“நான்தான்.”

“பொறவு அவன் இடையில இறங்கி யாருக்குப் போன் பண்ணினான்?”

மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “எனக்குத்தான் மாமி. ஆடுதுண்ணு சொன்னாரு. நான் சத்தம் போட்டு, ஓட்டச் சொன்னேன்” என்றேன்.

மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, “வா, அவனுக்க வீட்டுக்குப் போவோம்” என்றார்.

டிரைவர் வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மக்கா, அறியாம உன்னைப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டேன். ஆளுவ உன்னைக் கூப்பிடாம ஆனது என்னாலயாக்கும். பொறுத்துக்க.”

“கூப்பிடலண்ணு யாரு சொன்னா?” என்றார் அவர். “கூப்பிட்டுட்டுத்தான் இருக்காவ. நேத்தும் ரெண்டு பேரு வந்தாவ. நான்தான் போவல்ல.”

“ஏன் மக்கா?”

“ஆட்டம் உண்டுண்ணு எனக்குத் தெரியும் அம்மா. கையி சொல்லுச்சு. இருந்தும் ஓட்டினேன். வண்டி எனக்கது இல்லல்லா. இனி யாருக்க வண்டியில ஏறினாலும், நாளைக்கு இதே போல ஒருத்தன் ஓட்டுண்ணு சொன்னா ஓட்டிருவனோண்ணு பயமாட்டு இருக்கு.”

என்னிடம் அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் காலில் விழுந்திருப்பேன், ஏதோ ஒன்று தீர்ந்திருக்கும். “அண்ணே, என்னை மன்னிச்சிருங்க” என்றேன். “அது செரி தம்பி” என்றார், கடையில் மீதிச் சில்லறை இல்லை என்றால் சொல்வதுபோல.

மாமியாருக்குக் கை கூடியதும் மறுபடி நாள் வாங்கினோம். டிரைவர் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று பிடிவாதமாக இருந்தார். நான் களியக்காவிளைக்குப் போய் ஹப்பில் பழைய அளவு ஸ்டட்டையே திரும்ப ஏற்றி, ஸ்பேசரையும் அலாயையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “அம்மைக்குத் துணையாட்டு வாறேன். பஸ்ஸுல போவோம்” என்றார்.

பஸ்ஸில்தான் போனோம். மாமியாரும் அண்ணனும் முன்சீட்டில், நான் குறுக்கே எதிர்ப்பக்கத்தில். மாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் பஸ் டிரைவருக்கு முன்னால் இருந்த கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் மடியில் இருந்த அவர் கைகள் லேசாகத் திரும்பின. வேகத்தடை வரும்போதெல்லாம் வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். திருவனந்தபுரம் வரும்வரை நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை அவர் யார் வண்டியையும் ஓட்டவில்லை.