அம்மா பதிந்த பெயர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, ஸ்ரீபெரும்புதூர் ஆபீசில் இருந்தபடி, கம்பெனி கொடுத்திருந்த செல்போனிலிருந்து அம்மாவை மூன்று முறை அழைத்தேன். அப்பாவின் பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்தத்தான். முதல் முறை ஒரே ஒரு மணி அடித்து அடங்கிவிட்டது. அடுத்த இரண்டு முறையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரல்தான் கேட்டது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே டவர் இருக்கிறது.

அம்மா வைத்திருந்தது பட்டன் போன். அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி. முதல் பேட்ச் போன்கள் கடைக்கு வந்ததுமே பெருமையாக வாங்கிவந்து கொடுத்து, தமிழில் டைப் செய்யவும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவின் வாய் கோணியது. ஆம்புலன்சைக் கூப்பிட அம்மா போனை எடுத்தாள். திரை உறைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே தறி ஓடிய சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தெருமுனைவரை ஓடி, யாரிடமோ போனை வாங்கிப் பேசி, வண்டி வருவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பாவின் வலது கையும் பேச்சும் போய்விட்டன.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஏன் போனை எடுக்கவில்லை என்று அம்மாவிடம் கத்தினேன்.

"நீ போனே பண்ல மா. அது அப்பப்போ செத்துப்பூடுது. பேட்டரிய கழட்டி மாட்னா வருது. அன்னிக்கு அது ஞாபகமே வரல."

அவள் எதிரிலேயே என் போனிலிருந்து அழைத்தேன். ஒரு மணி. திரை உறைந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு நர்சின் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். ஒழுங்காக அடித்தது. என் எண்ணை எப்படிப் பதிந்திருக்கிறாள் என்று பார்த்தேன். 'பெரிய பொண்ணு கம்பெனி நம்பர்'.

அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் பகுதி நான் எழுதியது. அந்தப் போனில் நினைவகம் மிகக் குறைவு. ஒவ்வொரு பைட்டையும் மிச்சம் பிடிப்போம். பெயருக்கு நாற்பது பைட் ஒதுக்கியிருந்தேன். பெயரை அந்த இடத்துக்கு நகலெடுக்கும் நிரல் வரியில் பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணிவிட்டேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக இரண்டிரண்டு பைட் வேண்டும். நீளமான பெயர் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருப்பதையும் அழித்துவிடும். அதோடு போன் நின்றுவிடும். நாங்கள் 'அம்மா' என்ற சின்னப் பெயரைப் போட்டுத்தான் சோதித்திருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். என் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை.

"நான் பேர சின்னதா வச்சிருக்கணுமா?" என்று கேட்டாள்.



ஆபீசில் அந்தப் பிழையை இரண்டே வரியில் திருத்தினேன். விற்றுப்போன போன்கள் என்ன ஆகும் என்று மேலாளரிடம் கேட்டேன். பட்டன் போனை யார் வந்து அப்டேட் செய்யப்போகிறார்கள், அடுத்த பேட்சில் சரியாகிவிடும் என்றார். விடாமல் கேட்டேன், எழுதியும் கொடுத்தேன். பதிலே வரவில்லை.

போன வாரம் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கையில் அதே மாடல் இருந்தது. பெயர்களையெல்லாம் தமிழில் பதிந்திருக்கிறீர்களா, கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்கு மா அது?" என்றவள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.