கோணலாகாத கோடு

சந்திரமதி ஒரு காலத்தில் வாயாடி என்று பெயரெடுத்தவள். சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே, செனாய் என்ற ஊரில் ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவளும் பிரேமலாவும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிய பேச்சைத் தாங்காமல் மேலதிகாரி தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். இப்போது அந்தக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மாலையில் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்குக் காரோட்டித் திரும்பினால் அங்கேயும் ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகளும் இல்லை.

பிரேமலா பதவி உயர்வில் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். போன சூட்டோடு ஒரு புது ஏற்பாட்டையும் கொண்டுவந்தாள். ரப்பர் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்க்கச் சூட்டில் வைக்கும் அடுப்புகளிலும், அறைச் சுவரிலும் சென்சார்கள் இருக்கும். அவற்றின் ஒயர்கள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும், பெட்டி கணினியோடு சேரும். கணினியில் உள்ள மேட்லேப் என்கிற கணித மென்பொருள் வெப்பத்தை அந்தந்த நொடியே கோடாக வரைந்து காட்டும். சிங்கப்பூரில் இருந்தபடியே பிரேமலா அதைப் பார்த்துக்கொள்வாள்.

சொல்வதற்குச் சுலபம். மேட்லேப் மகாராசா அந்தப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிரேமலா சொல்லச் சொல்ல, சந்திரமதி ஒயரைக் கழற்றினாள், மாட்டினாள், கணினியை அணைத்துப் போட்டாள். ஒரு சென்சாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டியதில் அடுப்பு சூடேறச் சூடேறக் கோடு கீழே இறங்கியது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சந்திரமதிக்கு அந்த வாரம் தீபாவளி மாதிரி போனது.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. கோடுகள் ஒழுங்காக ஓடின. ஒழுங்காக ஓடுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கைப்பேசி வாயை மூடிக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. பழைய வழக்கப்படி சந்திரமதி அடுப்புகளுக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். புதுசாக வந்ததை ஒதுக்கினால் நன்றாக இருக்குமா என்று பெட்டிக்கும் ஒரு பொட்டு, சுவர் சென்சாரின் முனைக்கும் தாராளமாக ஒரு பொட்டு. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது.

“அக்கா, ரூம் கோடு ஏன் இப்படி இறங்குது? புது ஏர்கோன் போட்டாங்களா?” என்றாள் பிரேமலா. பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சிரித்தாள். “இன்னிக்கு பூஜை லா! ஈரச் சந்தனத்த அது தலையில அப்பிட்டீங்களா?”

அப்படித்தான். ஈரம் காயக் காய முனை குளிர்ந்துபோயிருந்தது. துடைத்து முடிக்கும்வரை பிரேமலா பேசிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் யாரும் பூஜைக்குப் பொரி கொடுக்கவில்லை என்று குறைப்பட்டாள்.

அந்தப் பேச்சின் ருசி சந்திரமதியை விடவில்லை. கோடு கோணலானால் பிரேமலா கூப்பிடுவாள் என்று மனசு கணக்குப் போட்டது. ஒரு மதியம், அடுப்புகள் காலியாக இருந்த நேரம், சோதனை எதுவும் கெடப்போவதில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுவர் சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடித்தாள். இந்த வயதில் இது என்ன திருட்டுத்தனம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கோடு அசையவே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை வியர்த்ததுதான் மிச்சம். சென்சார் நிஜமாகவே கெட்டுவிட்டதென்று தோன்றியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி உண்மையான காரணத்தோடு தானே கூப்பிடலாமே.

கூப்பிட்டாள். பிரேமலா தாழ்ந்த குரலில் பேசினாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது.

“கெட்டுப் போகலக்கா. பூஜைக்கு அப்புறம் நான்தான் இங்கிருந்தே ப்ரோக்ராம மாத்தினேன். ரூம் சென்சார் திடீர்னு ஏறினாலும் இறங்கினாலும் அதை எடுத்துக்காது, பழைய அளவையே காட்டும். சும்மா சும்மா கூப்பிட்டு உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னுதான்.” பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “ஆமா, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

தூசி துடைக்கும்போது கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சந்திரமதிக்குப் பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

“கையில பிடிச்சுப் பாத்தேன். நீ கூப்பிடுவேன்னு.”

பிரேமலா மெதுவாக, சுவர் சென்சாரை மட்டும் பழையபடி மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள்.

“வேணாம். நீ செஞ்சதுதான் சரி,” என்றாள் சந்திரமதி. “கோடு கோணலானாத்தான் என்னைக் கூப்பிடணுமா, பிரேமலா?”