சொறிமீனுக்குப் பூக் கேட்டது

கடலில் மிதந்து திரியும் உயிர்களைப் பற்றிப் படிக்கத் தூத்துக்குடியில் எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கியவளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் எங்கள் மலையூரான பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டும் அப்பா, என் போனில் சொறிமீன் என்கிற ஜெல்லி மீனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, இது பாலித்தீன் கவருல்ல?"

"உசுருள்ளதுப்பா. மூளை கெடையாது. கடல் ஓட்டம் இழுத்த பக்கம் போகும்."

"ஸ்டியரிங் இல்லாத வண்டிய நம்பியா ஒன்ன அனுப்பச் சொல்ற?"

"சிலது மேலயும் கீழயும் போகும்ப்பா. மேல ஒரு பக்கம் ஓடுற தண்ணி, கீழ வேற பக்கம் ஓடும். கொஞ்சம் எறங்கிட்டா போற தெசையே மாறிரும்."

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, "ஒங்கப்பா சொல்றதுதான் சரி" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். பிறகு அப்பாவிடம், "எதுக்குச் சண்டை? அம்மன்கிட்டப் பூக் கேட்ருவோம்ங்க" என்றாள்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வாழையிலையில் பொதிந்து, அம்மன் முன் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் என் படிப்பு அதோடு முடிந்தது. அப்பா மறுபேச்சு கேட்கமாட்டார். வீட்டுச் செடியிலிருந்து ஒரே ஒரு செவ்வரளியை நான்தான் பறித்தேன். வெள்ளைக்கு நந்தியாவட்டையை அம்மா பறித்தாள்.

கோயிலில் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தூணோரம் உட்கார்ந்து பொதிந்தாள். ஏன் திரும்பிக்கொள்கிறாள்? வழியில் இன்னொரு செவ்வரளியைப் பறித்து இரண்டிலும் சிவப்பையே வைக்கிறாளோ? அவள் கையையே பார்த்தேன். முந்தானை மறைத்தது.

அப்பாவுக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லை. "யாரும் தொடாதீக. நானே எடுக்கேன்." பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

நந்தியாவட்டை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே சொல்லிட்டா. பெறகென்ன?"

மற்றப் பொட்டலத்தை அம்மா சட்டென்று எடுத்து இடுப்பில் செருகினாள்.

"அதையும் பிரிச்சுக் காட்டும்மா."

"படிச்ச கழுதைக்கு எல்லாத்துலயும் சந்தேகம். வெரசா நட, அப்பா வண்டிய எடுத்துட்டாரு."

அவள் உட்கார்ந்திருந்த தூணோரம் குனிந்து பார்த்தேன். நான் பறித்த செவ்வரளி அங்கே கிடந்தது.

ஜீப் ஹாரன் அடித்தது. "அங்க என்ன சோலி?" என்று அப்பா கத்தினார். பூவை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன்.

"இவ புத்திக்கு இந்தப் படிப்பு ஆகாதுன்னுதான் நெனச்சேன். ஆத்தா வேற நெனச்சிருக்கா" என்றார் அப்பா.

"ஆமாங்க, நீங்க சொல்றதுதான் சரி" என்றாள் அம்மா.